முதல் தாளின் தேதி

விமானத்தின் வலது இருக்கைக்கு, துணை விமானியாக, புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பேசக் கூப்பிடும் இடங்களிலெல்லாம் ஒரே விண்ணப்பம்தான் வருகிறது. "மேடம், புயல்ல இறங்கின கதை சொல்லுங்க." புயலில் இறங்கிய கதை எங்கள் தலைமுறையில் எல்லாரிடமும் உண்டு. வருடத்துக்கு வருடம் அந்தப் புயல் கொஞ்சம் பலமாகிக்கொண்டே போகும். அதைக் கேட்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது எழுத்துத் தேர்வு முடிவுகள் எவ்வளவு காலம் செல்லும் என்பதைப் பற்றி. கொட்டாவி விட வேண்டாம். புயலில் நான் இழந்தது ஒரு குடையைத்தான். இதில் இழந்தது அதைவிடப் பெரியது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். துணை விமானியாக இருப்பவர் கேப்டனாக வேண்டுமென்றால் தனி லைசென்ஸ் வேண்டும். முதலில் எழுத்துத் தேர்வில் எல்லாத் தாள்களிலும் தேற வேண்டும். பிறகு பரிசோதகர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்ட வேண்டும். தேர்வு முடிவு ஊறுகாய் அல்ல, தயிர். ஒரு காலக்கெடுவுக்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் புளித்துவிடும். மறுபடி எல்லாத் தாள்களையும் எழுத வேண்டியதுதான். அந்தக் கெடு எத்தனை மாதம் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் விதியைப் படிக்காமல் என்னை நம்பிவிடுவீர்கள். எங்கள் காலத்து விதி வேறு, உங்கள் காலத்து விதி வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் எழுதிய விதிமுறைத் தாளிலேயே இந்தக் கேள்வி வந்திருந்தது. தேர்வு முடிவு எவ்வளவு காலம் செல்லும், எந்த நாளிலிருந்து கணக்கு என்று. சரியான விடையில்தான் டிக் அடித்தேன். அடித்துவிட்டு, அந்த விதி யாரோ மூன்றாம் மனிதருக்குப் போட்டது என்பது போல வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மீனம்பாக்கத்திலிருந்து பறக்கும் ஒரு கம்பெனியில் நான் கோ-பைலட். வீடு அஸ்தினாபுரத்தில். கணவர் ரவி தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். முதல் முயற்சியில் இரண்டு தாள்கள் தேறின. வானிலைத் தாள் மட்டும் காலை வாரியது. பள்ளிக்கரணைப் பக்கம் திரண்டு நிற்கும் மேகத்தைக் காட்டினால் அரை மணியில் என்ன ஆகும் என்று சொல்லிவிடுவேன். அதையே தாளில் கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். நான்காவது முறைதான் அது தேறியது. அன்று குரோம்பேட்டையில் லட்டு வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். கடைசித் தாள் தேறிய நாளிலிருந்துதான் கணக்கு என்று நானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். நிறைய நாள் இருக்கிறது, மெதுவாக ஓட்டிக் காட்டலாம்.

கணக்கு முதலில் தேறிய தாளிலிருந்து. என்னைப் போலவே தவணை முறையில் தேறிய ஒருவனின் விண்ணப்பம் அந்தக் காரணத்தைச் சொல்லித் திரும்பி வந்தபோதுதான் நான் காலண்டரை எடுத்தேன். கூட்டிப் பார்த்தால் எனக்கு மிச்சமிருந்தது இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குள் ஒரு விமானம் சும்மா நிற்க வேண்டும், ஒரு பரிசோதகர் சும்மா இருக்க வேண்டும். காலில் விழாத குறையாகக் கேட்டு, கெடு முடிவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் வாங்கினேன். அதை விட்டால் வேறு நாள் இல்லை.

பரிசோதகராக வாய்த்தவர் எங்கள் கேப்டன்களில் ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவர். வீடு கிழக்குத் தாம்பரம். அதிகம் பேச மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். கம்பெனி வண்டி முதலில் அவரை ஏற்றிக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கம் வழியாக வந்து என்னை ஏற்றிக்கொண்டு, குரோம்பேட்டை கேட்டில் மின்சார ரயிலுக்குக் காத்துக் கிடந்து, ஜி.எஸ்.டி. ரோடு பிடிக்கும். அவ்வளவு நேரத்தில் அவர் நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்டடத்தின் கதவிலிருந்து விமானத்தின் படிக்கட்டு வரை நடக்கும் அந்தத் தூரத்தில், தன்னோடு பறக்கப்போகும் கோ-பைலட்டிடம் தவறாமல் கேட்பார். "இன்னிக்கு உனக்கு என்ன?"

அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ராத்திரி தூக்கமில்லை, வீட்டில் சண்டை, பல் வலி, எதுவானாலும். சொன்னதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுவார். பல் வலிக்காரனுக்கு ரேடியோ பேச்சைக் குறைப்பார், தூங்காதவனுக்கு இறங்கும் வேலையைத் தர மாட்டார். வண்டியிலேயே கேட்கலாமே சார் என்று ஒருமுறை கேட்டேன். "வண்டில கேட்டா அது குசலம்மா. இங்க கேட்டா வேலை," என்றார்.

ஓட்டிக் காட்டும் நாளுக்குப் பத்து நாள் முன்பு, காலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு வந்த ரவியிடம் சொன்னேன்.

"நாள் தள்ளிப் போயிருக்கு."

கல்யாணமாகி ஆறு வருடம். உறவுக்காரர்கள் விசாரிப்பதை நிறுத்திவிட்டு, பரிதாபப்பட ஆரம்பித்திருந்த நேரம். ரவி குன்றத்தூர் முருகன் மலைக்கு என்னிடம் சொல்லாமலே போய்விட்டு வருவார். சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன். அவர் முகம் அன்று ஆனதை எழுத எனக்கு வராது. அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று உறைத்தது. கர்ப்பம் என்றால் அன்றிலிருந்தே பறக்கத் தகுதியில்லை. பிள்ளை பெற்று, உடம்பு தேறி, மெடிக்கலில் மறுபடி தகுதி வாங்கும்வரை தரையில்தான். அதற்குள் என்னுடைய மூன்று தாளும் காலாவதி ஆகியிருக்கும்.

"டெஸ்ட் எப்ப?" என்றார்.

"அடுத்த வாரம் கடைசில."

என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர்கிட்ட போனாதானே உறுதி? போகாத வரைக்கும் உனக்கே தெரியாதுதானே? டெஸ்ட் முடிச்சுட்டுப் போலாமேப்பா. நீ எவ்ளோ கஷ்டப்பட்ட," என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் வானிலைப் பாடத்தோடு மல்லுக்கட்டிய இரவுகளில் எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர் அவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. விதியை மீறவில்லை, டாக்டரைப் பார்ப்பதைத்தானே தள்ளிப்போடுகிறோம். மனிதருக்கு வேண்டுமென்றால் எந்த விதியிலும் ஒரு சந்து கிடைத்துவிடும். சரி என்று சொல்லிவிட்டுச் சீருடை மாட்டினேன்.

வண்டி வந்தது, உள்ளே கேப்டன். அன்று வழக்கமான பறப்பு, அவரோடுதான். ஓட்டுநர் ஆரோக்கியம் அண்ணன், நான் கேப்டன் ஆவதற்குப் பல வருடம் முன்பே என்னைக் கேப்டனம்மா என்று கூப்பிட்டவர். கேட்டில் நின்றபோது டீசல் வாசனை குடலைப் புரட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டேன்.

"இன்னா கேப்டனம்மா, மூஞ்சி வாடிக் கீது? துன்னலியா?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணா."

பறப்புத் தாள்களை வாங்கும் ஆபரேஷன்ஸ் அறையின் மாடிப்படி ஏறும்போது ஒரு நொடி கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்து நின்றேன். யாரும் பார்க்கவில்லை. சரியாகிவிட்டது. ஆனால் அது என்னை விடவில்லை. படிக்கட்டில் வந்தது, தரைக்கு ஐம்பது அடி மேலே, சக்கரம் தொடப்போகும் நேரத்தில் வந்தால்?

கேப்டனும் நானும் கதவைத் திறந்து வெயிலில் இறங்கினோம். பயணிகளை ஏற்றிய பஸ் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"இன்னிக்கு உனக்கு என்ன?"

தூக்கம் சரியில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை. அடுத்த வாரம் என்னைப் பரிசோதிக்கப்போகிறவரும் அவர்தான். அவருக்குத் தெரிந்துவிட்டால் பிறகு தெரியாதது போல இருக்க அவரால் முடியாது. இது எனக்குத் தெரியும். பாதித் தூரம் பேசாமலே நடந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை, எப்போதும் கேட்க மாட்டார். படிக்கட்டு நெருங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு பெண் இதைப் பெரிய பதவியில் இருக்கும் ஆணிடம் எப்படிச் சொல்வாள்? வீட்டில் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"நாள் தள்ளிப் போயிருக்கு சார்."

அவர் நின்றுவிட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விமானத்தின் சக்கரத்தைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. அத்தனை போர் விமானங்களை ஓட்டியவர், இந்த ஒரு வாக்கியத்துக்குத் திணறினார்.

"டாக்டர்?"

"இன்னும் பாக்கல சார். காலைல படியேறும்போது கொஞ்சம் தல சுத்திச்சு."

"அப்போ இன்னிக்கு நீ வரலம்மா."

"சரி சார்."

"உன் டெஸ்ட்டு…"

"தெரியும் சார்."

"ரிசல்ட் எல்லாம் போயிடும்."

"தெரியும் சார்."

அவர் என் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு கேப்டன் கோ-பைலட்டின் பையைத் தூக்கிக்கொண்டு, காத்திருக்கும் விமானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடப்பதைத் தளத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மாற்று ஆளை வரவழைத்தார். "உடம்பு சரியில்லன்னு மட்டும் எழுதறேன். மிச்சத்த நீ டாக்டரப் பாத்துட்டு, நீயே சொல்லு. யார் கேட்டாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றார். போகும்போது சட்டைப் பையிலிருந்து ஏலக்காய் எடுத்துக் கொடுத்தார். "வாயில போட்டுக்க. கொமட்டல் அடங்கும்." நாலடி போய்த் திரும்பி வந்தார். "நல்ல சேதிம்மா. சொல்ல மறந்துட்டேன்."

அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் இரண்டும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ரவி ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. தாள்கள் காலாவதியான அன்று, எதற்கென்று சொல்லாமல் பாயசம் வைத்தார். இனிப்பு அதிகமாகிவிட்டது. ஆரோக்கியம் அண்ணன் வேறு யாரையாவது இறக்கிவிட்டுப் போகிற வழியில் வந்து ஒரு ஹாரன் அடிப்பார். "கோவளத்துல என் மச்சான் குட்த்து வுட்டான். காலைல வந்த மீனு. கேப்டனம்மா துன்னா பாப்பாவும் துன்ன மாரி," என்று இலையில் சுற்றிய மீனை நீட்டுவார். பெண் பிறந்தாள்.

மறுபடி பறக்க வந்தபோது உலகம் மாறியிருந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்தவன் ஒருவன் கேப்டன். அவனுக்கு நான் கோ-பைலட். மரியாதையாகத்தான் நடந்துகொண்டான், மேடம் மேடம் என்று. அதுதான் இன்னும் எரிந்தது. வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்தால் எரிச்சல் போய்விடும், மறுநாள் காலை வண்டியில் ஏறினால் திரும்பி வந்துவிடும். இதில் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. சரியான முடிவை எடுத்தால் மனது லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

தாள்களை மறுபடி எழுதினேன். மடியில் குழந்தை, கையில் மேகப் படங்கள். இந்த முறை மூன்றும் ஒன்றாகத் தேறின, வானிலையும்தான். அந்தக் கேள்வி மறுபடி வந்தது. டிக் அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்து, கண்காணிப்பாளர் முறைத்தார். முடிவு வந்ததும் முதல் வேலையாகக் கெடு முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பாக வட்டமிட்டேன்.

ஆனால் தேதி தெரிந்தால் மட்டும் போதாது. கம்பெனிக்குக் கஷ்டகாலம். உதிரிபாகம் இல்லாமல் விமானங்கள் நின்றன. பறப்பதே குறைந்துவிட்டது. ஓட்டிக் காட்ட எனக்கு நாள் கிடைத்தபோது சிவப்பு வட்டத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. பரிசோதகர் மறுபடியும் அவரே. அவர் ஓய்வு பெறவும் சில மாதங்கள்தான் இருந்தன.

அன்று ஆபரேஷன்ஸ் அறையில் ஒன்றைக் கவனித்தேன். அன்றைய வானிலை அறிக்கையை அவர் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். பிறகு என்னிடம் தந்து, "நீயே படிம்மா," என்றார். பரிசோதிக்கிறார் போலும் என்று படித்தேன். கதவைத் தாண்டி இறங்கும்போது முதல் படியைக் காலால் துழாவிவிட்டு அடுத்த காலை வைத்தார்.

நடந்தோம்.

"இன்னிக்கு உனக்கு என்ன?"

"பாப்பாவுக்கு நேத்து ஜுரம் சார். காலைல விட்டுடுச்சு. அவர் லீவு போட்டுப் பாத்துக்கறார். வேற ஒண்ணுமில்ல."

"நல்லது."

இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவர்கூட அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்பது அவர் வேலை, சொல்வது எங்கள் வேலை. கேப்டனுக்கு ஒன்றும் இருக்காது என்று எப்படியோ நினைத்துவிட்டோம். என் மனதில் சிவப்பு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டால் என்ன ஆகும் என்று தெரியும். கேட்காமல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு லைசென்ஸ். ஓட்டப்போவது நான்தான், பார்க்கப்போவதும் என் கண்தான். ஆனால் நான் தடுமாறினால் பிடிக்க வேண்டியவர் அவர். அதற்காகத்தானே பக்கத்தில் உட்காருகிறார்.

"சார், உங்களுக்கு?"

"எனக்கு என்ன?"

"இன்னிக்கு உங்களுக்கு என்ன சார்?"

முன்பு நான் எவ்வளவு தூரம் பேசாமல் நடந்தேனோ, அவ்வளவு தூரம் அவரும் நடந்தார். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இடது கண்ணு. லைட்டப் பாத்தா சுத்தி வளையமாத் தெரியுது. ரெண்டு மூணு வாரமா. மெடிக்கல் வர்ற மாசம்தான், அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ கேட்டுட்ட."

நான் நிமிர்ந்து அந்தக் கண்ணைப் பார்த்தேன்.

"இன்னிக்கு நான் வரலம்மா."

"சரி சார்."

"உன் டெஸ்ட்டு…"

"தெரியும் சார்."

அவர் பையை நான் வாங்கிக்கொண்டேன். இருவரும் திரும்பி நடந்தோம். அவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் விமானம் ஓட்டவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாட்களில் அவர் தன் கண்ணைக் கவனிக்கவில்லை, தொலைபேசியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியூரில் இருந்த தன் பழைய நண்பர் ஒருவரைப் பரிசோதகராக வரவழைத்தார். சிவப்பு வட்டத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஓட்டிக் காட்டினேன். தேறினேன். அதன் பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கேப்டனாக என் முதல் நாள். ஆரோக்கியம் அண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அன்றைக்கென்று பார்த்து ஒன்றுமே கூப்பிடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். எனக்குக் கோ-பைலட்டாக வந்தவன் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பையன். முன்பின் பேசியதுகூட இல்லை. கதவைத் தாண்டி வெயிலில் இறங்கினோம்.

"இன்னிக்கு உனக்கு என்னப்பா?"

"டிபன் சாப்பிடல மேடம். பசிக்குது."

"மேல போனதும் முதல்ல சாப்பிடு."

நடந்தோம். படிக்கட்டு நெருங்கும்போது அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மேடம், உங்களுக்கு?"

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பயமா இருக்குப்பா," என்றேன்.

"சரி மேடம். செக்லிஸ்ட்ட நான் மெதுவாவே படிக்கிறேன்."

அப்படியே படித்தான். நன்றாக இறங்கினோம். திரும்பி வந்து கையெழுத்துப் போடும்போது, என்னைத் திருப்பிக் கேட்க உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"எனக்கா தோணல மேடம். நேத்து சாயந்தரம் கிழக்குத் தாம்பரத்துலேருந்து ஒரு சார் போன் பண்ணார். பேர் சொல்லல, பழைய கேப்டன்னு மட்டும் சொன்னார். 'நாளைக்கு அவங்க உன்னை ஒண்ணு கேப்பாங்க. பதில் சொல்லிட்டுச் சும்மா இருந்துடாத, நீயும் கேளு. அவங்க முதல் நாள், தனியா இருப்பாங்க'ன்னார்."